பழைய தொடக்கமும் பட்ட வெற்றியும்



சதுரங்கத்தின் முதற் சில நகர்த்தல்களைத் தொடக்கம் என்பர். எவரும் அறியாத தொடக்கமொன்றை மனனஞ் செய்தால் வெற்றி நிச்சயம் என எண்ணும் மாணவர் வெள்ளவத்தையிலும் உளர், கொட்டாஞ்சேனையிலும் உளர். அவர்கள் பொருட்டு ஓர் ஆட்டத்தைக் கூறுவேன்.

2010ஆம் ஆண்டு மே மாதம் 11ஆந் திகதி, பல்கேரியத் தலைநகர் சோபியாவில், உலகப் பட்டத்துக்கான 12ஆவது ஆட்டம் நடைபெற்றது. அதுவே இறுதி ஆட்டம். அதுவரை சென்னை விசுவநாதன் ஆனந்தும் அந்நாட்டு வீரர் வெசலின் டோபலோவும் சமநிலையில் நின்றனர்.

கருங்காய்களை ஆடிய ஆனந்த் கைக்கொண்டது லாஸ்கர் தற்காப்பு. 1894 முதல் 1921 வரை உலக வீரராக விளங்கிய இமானுவேல் லாஸ்கரின் பெயர் தாங்கிய பழைய முறை அது. ஏழாம் நகர்த்தலிற் கருங்குதிரை நடுக்களத்திற் பாய்ந்தது. பதினோராம் நகர்த்தலுக்குள் இருதரப்பிலும் ஒரு குதிரையும், கோணவழி செல்லும் மந்திரி ஒன்றும் வெட்டுண்டன. நெருக்கம் தளர்ந்தது, கருங்காய்கள் இயங்க இடமுண்டாயிற்று.

நெடுநேரம் எப்பக்கமும் சாயாத ஆட்டத்தில், வெற்றியை நாடிய டோபலோவ் 31ஆம் நகர்த்தலில் ஒரு சிப்பாயை வெட்டினார். ஆனந்த் தம் நடுச்சிப்பாயை முன்தள்ளினார். டோபலோவ் அதனையும் வெட்டவே, வெள்ளை அரசனைக் காத்த அரண் குலைந்தது. ஆனந்த் வென்று, 6½–5½ என்ற கணக்கிற் பட்டத்தைக் காத்தார்.

அப்பழந் தொடக்கம் அவருக்கு வெற்றியைக் கொடுத்துவிடவில்லை; வாய்ப்பு வருமளவும் உறுதியாக நிற்க இடங் கொடுத்தது. ஆதலின் மாணவர்களே, தொடக்கத்தைப் பயிலும்போது ஒவ்வொரு நகர்த்தலுக்கும் காரணம் யாதெனக் கேளுங்கள். மனனம் பத்து நகர்த்தலுடன் முடியும். காரணமறிந்த அறிவு இறுதிவரை உடன்வரும்.