பேர் அவங்களது, ஒப்பந்தம் யாருக்கு?

நேற்று இரவு நம்ம இணையவழிக் கூட்டத்துல நான் பேசினதோட எழுத்து வடிவம் இது.

ஆஸ்திரேலியாவுல, சிட்னி நகரத்து ரெட்ஃபெர்ன் பகுதியில, 1971-ல பூர்வகுடி மக்கள் சேர்ந்து தங்களுக்குன்னு ஒரு மருத்துவ நிலையம் ஆரம்பிச்சாங்க. ஏன்? ஆஸ்பத்திரிக்குப் போனா அவமானம். அதைவிடப் பெரிய பயம் ஒண்ணு இருந்துச்சு. அவங்க பிள்ளைங்களைப் பல தலைமுறையா அரசே பிடுங்கிட்டுப் போயிருக்கு. அதே அரசு அனுப்புற ஆள் வந்து கதவைத் தட்டினா யார் திறப்பாங்க? சொந்த ஜனம் நடத்துற இடம்னா நம்பி வந்தாங்க. இன்னைக்கு நாடு முழுக்க இதுமாதிரி 140-க்கும் மேற்பட்ட சுகாதார அமைப்புகள் இருக்கு.

அப்போ அரசோட சேவை ஒப்பந்தம் இவங்களுக்குத்தானே போகணும்? அங்கதான் சிக்கலே. போட்டி டெண்டர்னு வந்துட்டா, விண்ணப்பம் எழுதவே தனி ஆள் வச்சிருக்கிற பெரிய தொண்டு நிறுவனங்களோட இவங்க மோதணும். (நானும் இன்ஜினியரிங் படிச்சவன்தான், டெண்டர் ஆவணம் படிச்சா எனக்கே தலை சுத்துது.)

2020 ஜூலையில அரசுகளும் பூர்வகுடி அமைப்புகளின் கூட்டணியும் ஒரு தேசிய உடன்பாடு போட்டாங்க. சமூகக் கட்டுப்பாட்டு அமைப்புன்னா எதுன்னு அதுல தெளிவா இருக்கு. லாப நோக்கம் இல்லாம சட்டப்படி பதிவாகியிருக்கணும், அந்தச் சமூகத்தோட தொடர்பு இருக்கணும், நடத்துறது அவங்களா இருக்கணும், நிர்வாகக் குழுவிலும் அவங்கதான் பெரும்பான்மை.

ஆனா 2015-ல மத்திய அரசு கொண்டுவந்த பூர்வகுடி கொள்முதல் கொள்கை வேற கணக்கு. நிறுவனத்துல 50 சதவீத உரிமை பூர்வகுடி ஆள் பேர்ல இருந்தா போதும்னு அப்போ வச்சாங்க. அப்புறம் என்ன நடக்கும்னு நமக்குச் சொல்லித் தரணுமா? பினாமிதான்! அங்க அதுக்கு 'பிளாக் கிளாடிங்'னு பேரு. புகார் மேல புகார் வந்து, அளவை 51 சதவீதமா உயர்த்துறோம்னு 2025-ல அறிவிச்சாங்க. சரியான நகர்வுதான், ஆனா என்னைக் கேட்டா பத்தாது. பங்குப் பத்திரத்தைப் பார்க்காதீங்க, செக்குல கையெழுத்துப் போடுறது யாருன்னு பாருங்க.

கூட்டத்துல ஒரு தோழர் கேட்டார், "யார் நல்லா செய்றாங்களோ அவங்களுக்குக் கொடுத்தா என்ன?"ன்னு. நியாயமான கேள்வி. ஆனா நல்லா செய்றாங்களான்னு யாரைக் கேட்டு முடிவு பண்றது? வெளியிலிருந்து வர்ற நிறுவனம் ஒப்பந்தம் முடிஞ்சா மூட்டை கட்டிடலாம். ரெட்ஃபெர்ன்காரங்க 1971-லேருந்து அங்கயேதான் இருக்காங்க.