முன்கட்டில் உட்கார்ந்தவர்கள்



கொச்சி யூதர்களின் வரலாற்றை யார் பேசினாலும் செப்பேட்டில்தான் தொடங்குவார்கள். தொடங்க வேண்டியதுதான். ஏறத்தாழ கி.பி. 1000-இல் சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன், யோசேப்பு ரப்பான் என்ற யூதர் தலைவருக்கு உரிமைகள் கொடுத்துப் பொறித்தது அது. வட்டெழுத்தில் இருக்கிறது, நம் பழைய பாண்டிநாட்டுக் கல்வெட்டுகளைப் படித்துப் பழகியவர்கள் எழுத்துக்கூட்டிப் படித்துவிடலாம். பல்லக்கில் போகலாம், குடை பிடிக்கலாம், பகல்விளக்கு எடுக்கலாம். கடல் தாண்டி வந்த குடிகளுக்கு ஒரு மன்னன் இத்தனை கொடுத்தான் என்று சொல்லும்போது எனக்கும் பெருமையாகத்தான் இருக்கிறது.

அடுத்து மட்டாஞ்சேரி. 1568-இல் கட்டிய பரதேசி ஜெப ஆலயமும் கொச்சி மன்னரின் அரண்மனைக் கோயிலும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. உள்ளே தரை முழுக்கச் சீனாவிலிருந்து கப்பலேறி வந்த ஓடுகள்; கையால் தீட்டிய நீலச் சித்திரங்கள். இதுவரை சொல்லிவிட்டுப் பேச்சாளர் உட்கார்ந்துவிடுகிறார், நாமும் கைதட்டிவிட்டு எழுந்துவிடுகிறோம்.

நான் உட்காரப் போவதில்லை. அந்த நீல ஓட்டுத் தரைக்கு வருமுன் ஒரு முன்கட்டு உண்டு, அசாரா என்பார்கள். அயல்நாடுகளிலிருந்து வந்து குடியேறிய பரதேசி யூதர் வீடுகளில் அடிமைகளாக இருந்து விடுதலை பெற்றவர்களின் வழிவந்தோர் தலைமுறை தலைமுறையாக அங்கேதான் உட்கார வேண்டியிருந்தது. அதே வேதம், அதே ஓய்வுநாள், அதே நோன்பு. உள்ளே பெஞ்சில் மட்டும் இடமில்லை. தோரா என்னும் வேதச் சுருளை வாசிக்க அவர்களை அழைத்ததில்லை. செத்தால் புதைக்கவும் பரதேசி யூதரின் இடுகாட்டில் இடமில்லை. ஊர் ஊராகத் துரத்தப்பட்டவர்களின் வாரிசுகள், தங்கள் கூரைக்குள்ளேயே சிலரை வாசலில் நிறுத்தினார்கள். இந்தச் சாதிக்கணக்கை அவர்கள் எங்கே கற்றார்கள்? நம்மிடம்தான் கற்றார்கள், ஐயா!

அந்த முன்கட்டுக் குடும்பத்தில் 1882-இல் பிறந்தவர் ஆபிரகாம் பராக் சேலம். சென்னைக்கு வந்து சட்டம் படித்தவர். கொச்சி சட்டமன்றத்தில் உட்கார அவருக்கு நாற்காலி கிடைத்தது. தம்முடைய ஆலயத்தில் கிடைக்கவில்லை. கொச்சிக்குப் பக்கத்து வைக்கத்தில் 1924-இல் கோயில் தெருவில் நடக்கும் உரிமைக்காகப் போராடி நம் பெரியார் சிறைக்குப் போனாரே, அந்தக் காலத்து மனிதர் இவர். காந்தியின் சத்தியாகிரக வழியைத் தம் ஆலயத்துக்குள்ளேயே கொண்டுபோனார். பிறரை எதிர்த்து நிற்பதைவிடச் சொந்த சனத்தை, நாளைக்கும் முகம் பார்க்க வேண்டியவர்களை எதிர்த்து நிற்பது எத்தனை கடினம்! கொஞ்சம் கொஞ்சமாக வழி விட்டார்கள். பெஞ்சில் இடம் கிடைத்தது. தோரா வாசிக்கவும் அழைத்தார்கள். யூத காந்தி என்று ஊர் அவரைச் சொன்னது.

1950-களில் கொச்சி யூதர்கள் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தார்கள். அவர்களுக்காக அங்கே போய் வாதாடியவரும் இதே சேலம்தான். ஆனால் தாம் போகவில்லை. 1967-இல் கொச்சியிலேயே காலமானார்.

விடுமுறைக்குக் கொச்சி போகிறவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். ஓடுகளைப் பாருங்கள், பிள்ளைகளுக்கும் காட்டுங்கள். காட்டிவிட்டு வழிகாட்டியிடம் ஒன்று கேளுங்கள்: “சேலத்தின் வீட்டார் எங்கே உட்கார்ந்தார்கள், அந்த இடத்தைக் காட்டுங்கள்.”