மூன்றாவது எண்ணின் அருமை

(முன்னாள் மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"பிள்ளைகளுக்குப் பயன்படுற மாதிரி ஏதாவது பேசுங்க" என்று சங்கச் செயலாளர் கேட்டுக்கொண்டார். கம்ப்யூட்டர் துறையில் இருக்கிறவனைக் கூப்பிட்டால் செயற்கை நுண்ணறிவு, ரோபோ என்று பெரிதாக ஏதோ பேசப்போகிறான் என்று நீங்கள் நினைத்திருக்கலாம். நான் எடுத்துக்கொண்டது ரொம்பச் சின்ன விஷயம். இரண்டாவது புள்ளிக்குப் பிறகு வரும் ஓர் எண்ணைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

இப்போது பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியலிலேயே பைத்தான் மொழி பாடமாக இருக்கிறது. ஆகவே மாணவர்களுக்கு அது புதிதல்ல. நீங்கள் கம்ப்யூட்டரில் ஏற்றும் பைத்தானுக்கு 3.10.7 என்பது போல ஒரு எண் இருக்கும். அதில் மூன்று பகுதிகள். முதல் எண் தலைமுறை. இரண்டாவது எண் புதிய வசதிகளோடு வருகிற பதிப்பு. மூன்றாவது எண், ஏற்கெனவே வெளிவந்ததில் இருக்கும் பிழைகளைத் திருத்தி வெளியிடுகிற பராமரிப்புப் பதிப்பு.

நம்ம ஊர்க் கணக்கில் சொன்னால் இது சட்டென்று விளங்கும். கோவில்பட்டி வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் 1901-இல் தொடங்கியது. அங்கிருந்து வெளிவந்த பருத்தி, சோள ரகங்களுக்குக் 'கே' என்ற எழுத்தும் ஓர் எண்ணும் சேர்த்துப் பெயர் வைத்தார்கள். புது ரகம் வந்தால் புது எண். அதுதான் பைத்தானின் இரண்டாவது எண். விதைத்த பிறகு காட்டில் இறங்கிக் களை எடுக்கிறோமே, அது மூன்றாவது எண். நெல்லை விட்டுப் பருத்திக்கு மாறுவது போலப் பயிரையே மாற்றுவதுதான் முதல் எண்.

முதல் எண் மாறினால் என்ன ஆகும்? ஓர் உதாரணம். 'கோவில்பட்டி' என்று எழுதி அதன் நீளம் என்ன என்று பைத்தான் 2-இல் சாதாரணமாகக் கேட்டால், யூ.டி.எஃப். 8 முறையில் 33 என்று சொல்லும். பைட்டுகளை எண்ணுகிறது. பைத்தான் 3-இல் கேட்டால் 11 என்று சொல்லும். அது யூனிகோட் குறிகளை எண்ணுகிறது. ககரத்தைத் தனியாக, ஓகாரக் குறியைத் தனியாக, புள்ளியைத் தனியாக. நம் வாத்தியார் சொல்லிக் கொடுத்தபடி எண்ணினால் ஆறு எழுத்துத்தான். அதற்கு 'ஓப்பன் தமிழ்' போன்ற தனி நிரல் தொகுப்பு வேண்டும். ஆக, அதே கேள்விக்கு 33 என்ற விடை 11 ஆகிவிட்டது. இந்த அளவு மாற்றத்தை ஒரு தலைமுறை மாறும்போதுதான் செய்யலாம். 2008 டிசம்பரில் பைத்தான் 3.0 வந்தது. பழைய வரிசையின் கடைசிப் பதிப்பான 2.7.18 வெளிவந்தது 2020 ஏப்ரலில். இடையில் பதினொரு வருஷத்துக்கு மேல் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் நடந்தன. முத்தையா அண்ணாமலை உருவாக்கிய 'எழில்' என்ற தமிழ் நிரல்மொழியும் பைத்தான் மேல் கட்டப்பட்டதுதான். கீழே அடித்தளம் அசைந்தால் மேலே இருப்பவர் பாடு என்ன என்று யோசித்துப் பாருங்கள்.

இதனால்தான் மூன்றாவது எண்ணுக்கு ஒரு கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள். பிழையைத் திருத்தலாம். புது வசதி சேர்க்கக் கூடாது. களை எடுக்கப் போனவன் ஊடே வேறு விதையைத் தூவிவிட்டு வரக்கூடாது, அவ்வளவுதான்.

இந்தக் கட்டுப்பாட்டின் அருமை ஓர் அனுபவத்துக்குப் பிறகுதான் அவர்களுக்கே நன்றாக உறைத்தது. 2002-இல் வந்த பைத்தான் 2.2.1, பெயருக்குப் பராமரிப்புப் பதிப்பு. அதில் மெய், பொய் என்பதைக் குறிக்கும் 'ட்ரூ', 'ஃபால்ஸ்' என்ற இரண்டு பெயர்களையும் சேர்த்துவிட்டார்கள். நல்ல எண்ணத்தில் செய்ததுதான். ஆனால் 2.2.1-இல் அந்தப் பெயர்களைப் போட்டு ஒருவர் எழுதிய நிரல், பக்கத்து மேசையில் 2.2 வைத்திருந்தவரிடம் ஓடவில்லை. இருவரும் "என்கிட்ட 2.2 தான் இருக்கு" என்றுதான் சொல்வார்கள். அதில் வரும் சங்கடத்தைப் பார்த்த பிறகு, பராமரிப்புப் பதிப்பில் புது வசதி கூடாது என்பதில் பைத்தான்காரர்கள் கறாராகிவிட்டார்கள்.

கறாராக இருந்தவர்களே சில தடவை விதிவிலக்குச் செய்தார்கள். அவற்றில் இரண்டு நாம் தெரிந்துகொள்ள வேண்டியவை.

முதலாவது, 2014 டிசம்பரில் வந்த 2.7.9. அதற்கு முன்னால் பைத்தான் நிரல் ஒன்று பாதுகாப்பான இணைய முகவரிக்குப் போனால், உறையை மூடி ஒட்டித்தான் கொடுக்கும். வாங்குகிறவர் உண்மையில் அந்த ஆள்தானா என்று மட்டும் கேட்காது. மணியார்டர் கொண்டுவந்த தபால்காரர் வாசலில் நின்றவர் கையில் பணத்தைக் கொடுத்துவிட்டுப் போவது போல. 2.7.9 முதல், எதிரே இருக்கும் சர்வரின் சான்றிதழைச் சரிபார்ப்பது வழக்கமாயிற்று. அலுவலகத்துக்குள் தாங்களே கையெழுத்துப் போட்ட சான்றிதழை வைத்துச் சர்வர் ஓட்டியவர்கள் வேலை நின்றுபோயிற்று. "மூணாவது எண்ணுதானே மாறியிருக்கு, எப்படிய்யா நிக்கும்?" என்று கேட்டவர்கள் அநேகம். ஆனால் 2.7-க்குப் பிறகு 2.8 கிடையாது என்று முடிவாகியிருந்தது, 2.7-இன் ஆயுளையோ அந்த ஆண்டுதான் 2020 வரை நீட்டியிருந்தார்கள். இன்னும் ஐந்தாறு வருஷம் கதவைத் திறந்து போட்டிருக்கலாமா? இந்த வாதங்களை எல்லாம் எழுதிவைத்து, விவாதித்து, ஒப்புதல் பெற்ற பிறகே மாற்றினார்கள்.

இரண்டாவது, 2022 செப்டம்பர். இதை மாணவர்கள் இன்றைக்கே செய்து பார்க்கலாம். 1000-இன் ஃபாக்டோரியலைக் கணக்கிட்டு அச்சிடச் சொல்லுங்கள். 2568 இலக்கம், அழகாக வரும். 2000-க்குச் சொல்லுங்கள். 5736 இலக்கம் வரவேண்டும். பிழை என்று சொல்லி நின்றுவிடும். கணக்குப் போட்டுவிட்டது, எழுத்தாக மாற்றத்தான் மறுக்கிறது. 4300 இலக்கத்துக்கு மேல் வேண்டுமானால் நீங்கள் தனியாக அனுமதி கொடுக்க வேண்டும்.

ஏன் இந்த வரம்பு? தசம எண்ணை எழுத்திலிருந்து எண்ணாகவோ, எண்ணிலிருந்து எழுத்தாகவோ மாற்றும் வேலை, இலக்கம் இரண்டு மடங்கானால் ஏறக்குறைய நாலு மடங்காகும். விஷமி ஒருவன் பல லட்சம் இலக்கத்தை உங்கள் இணையதளத்துக்கு அனுப்பினால், சர்வர் அதை மென்றுகொண்டே உட்கார்ந்திருக்கும். மற்றவர்களெல்லாம் வரிசையில் நிற்க வேண்டியதுதான். இதை அடைக்க 3.10.7, 3.9.14, 3.8.14, 3.7.14 என்று நாலு வரிசையிலும் ஒரே மாதத்தில் திருத்தம் வந்தது. பெரிய எண்களோடு புழங்கும் கணிதக்காரர்கள் கோபித்துக்கொண்டார்கள். அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஒருவருக்கு வேலி, இன்னொருவருக்கு வழி மறிப்பு.

இதையெல்லாம் எதற்கு இவ்வளவு நீட்டிச் சொல்லுதேன்?

நம்ம பக்கத்தில் தீப்பெட்டி ஆபீஸ், கடலைமிட்டாய்க் கடை, பருத்திக் கமிஷன் கடை எல்லாவற்றிலும் இன்று கம்ப்யூட்டர் இருக்கிறது. "ஓடிக்கிட்டுத்தானே இருக்கு, அதை ஏன் தொடணும் அண்ணாச்சி?" என்பார்கள். அப்படித் தொடாமலே விட்டதில் பூட்டாத கதவு எத்தனை என்று யாருக்கும் தெரியாது. பைத்தான் 3.8-க்கு 2024 அக்டோபரோடு பாதுகாப்புத் திருத்தம் நின்றுவிட்டது. அதற்குப் பிறகு கண்டுபிடித்த ஓட்டை எதையும் அதில் பைத்தான்காரர்கள் அடைத்துத் தரப்போவதில்லை. அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு மாற்றுவதும் தப்பு. நான் சொல்வது மூன்று காரியம். பதிப்போடு வரும் மாற்றப் பட்டியலை முதலில் படியுங்கள். ஒரு நகலில் ஓட்டிப் பாருங்கள். எந்த எண்ணில் ஓடியது என்று நோட்டில் மூன்று பகுதியும் சேர்த்து எழுதிவையுங்கள்.

இன்னொன்று, மாணவர்களுக்கு. வேலைக்குச் சேர்ந்தவுடன் "எனக்கு மெயின்டனன்ஸ் புராஜக்ட் போட்டுட்டாங்க" என்று வீட்டுக்குப் போன் போட்டு அழுகிற பிள்ளைகளை ஆண்டுதோறும் பார்க்கிறேன். புதிதாகக் கட்டுகிறவனுக்கு மேளம். ஒழுகலை அடைக்கிறவனுக்கு ஏணி பிடிக்கக்கூட ஆள் இல்லை என்ற நினைப்பு. இங்கே உட்கார்ந்திருக்கும் எங்கள் வயதுக்காரர்களைக் கேட்டுப் பாருங்கள். 1998, 99-இல் கரிசல் காட்டுப் பிள்ளைகள் பலரைச் சென்னைக்கும் கடல் கடந்தும் கொண்டுபோனது எது? பழைய கோபால் நிரல்களில் இரண்டு இலக்க ஆண்டை நாலு இலக்கமாகத் திருத்திய வேலை. கோபால் என்பது இங்கே ஆள் பெயர் அல்ல, கம்ப்யூட்டர் மொழி! அந்தப் பராமரிப்பு வேலைதான் எத்தனையோ வீட்டுக் கடனை அடைத்தது, தங்கைமாரைப் படிக்க வைத்தது. ஒருவர் எழுதியதைப் பொறுமையாகப் படிக்கவும், ஒரு வரியைத் தொட்டால் எங்கெல்லாம் அசையும் என்று கணிக்கவும் எங்களுக்குக் கற்றுத்தந்தது அதுதான்.

கோடையில் பாளம் பாளமாக வெடித்து, மழையில் உப்பும் மண் நம்முடையது. அதன் மேல் வீடு கட்டியவர்களுக்குப் பராமரிப்பு என்றால் என்ன என்று யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. மூன்றாவது எண்ணுக்கு உழைக்கத் தயங்காதீர்கள் என்று இளையவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.