வெளிநாட்டுத் தீம் பார்க்: பாட்டியையும் கூட்டிக்கொண்டு பட்ஜெட்டுக்குள் போய்வரலாம்

(நம் சங்கத்தின் பொதுக்கூட்டத்தில் ‘உறுப்பினர் அனுபவம்’ பகுதியில் பேசியதன் எழுத்து வடிவம்)



தண்ணீர் லாரிக் கணக்கும் பார்க்கிங் பிரச்சினையும் பேசி முடித்துக் களைத்திருக்கிறீர்கள். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். 2024 மே மாதம் நாங்கள் குடும்பத்தோடு சிங்கப்பூர் போய், செந்தோசாத் தீவில் இருக்கும் யுனிவர்சல் ஸ்டூடியோஸ் பார்த்துவிட்டு வந்தோம். அன்றிலிருந்து லிஃப்டில் பார்க்கிறவர்கள் எல்லோரும், “எவ்வளவு ஆச்சு? எப்படிப் போனீங்க?” என்று கேட்கிறீர்கள். செயலாளர் சார், ஒரே தடவையாக எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள் என்றார். சொல்கிறேன்.

முதலில் ஓர் உண்மையை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எங்கள் வீட்டில் ஐந்து பேர். நான், கணவர், அப்போது 11 வயது மகள், 5 வயது மகன், 68 வயது மாமியார். ஒரு டூர் ஏஜென்சியில் விலை கேட்டோம். நான்கு பேருக்கு 2,72,000 ரூபாய். ஐந்தாவது ஆள் என்றால் இன்னும் 60,000. அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, “அத்தை இங்கேயே இருக்கட்டும், ரெண்டாவது மாடி அக்கா பார்த்துக்குவாங்க” என்று முதலில் சொன்னது நான்தான். கணவர் ஒன்றும் பேசவில்லை. அத்தையும் சிரித்துக்கொண்டே, “எனக்கு எதுக்கும்மா ராட்டினம், நான் வீட்டைப் பார்த்துக்கிறேன்” என்றார்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. இரண்டு பிள்ளைகளையும் வளர்த்தது அவர்தான். நான் வேலைக்குப் போக முடிந்ததே அவரால்தான். மறுநாள் ஒரு நோட்டை எடுத்து, ஏஜென்சி கொடுத்த தாளில் இருந்த ஒவ்வொரு வரியையும் தனித்தனியாக எழுதிப் பார்த்தேன். தனி வேன், கேபிள் கார், மெழுகு பொம்மைக் காட்சியகம், படகுச் சவாரி, தினமும் இரவு பஃபே என்று இருந்தது. எங்கள் பிள்ளைகள் கேட்டது இதில் எதுவுமே இல்லை. அவர்கள் கேட்டது ஒரே ஓர் இடம்தான். மற்றதை எல்லாம் அடித்தேன். குறைக்க வேண்டியது செலவைத்தான், ஆளை இல்லை என்று அந்த நோட்டுதான் எனக்குச் சொல்லிக் கொடுத்தது.

இனி ஒவ்வொன்றாக வருகிறேன்.

பணம்: கடன் வாங்கிப் போகாதீர்கள். ‘இப்போது போங்கள், பிறகு தவணையில் கட்டுங்கள்’ என்று விளம்பரம் வரும். ஊரிலிருந்து திரும்பி வந்து, பள்ளிக் கட்டணமும் இஎம்ஐயும் ஒரே மாதத்தில் கட்டும்போது போன சந்தோஷம் எல்லாம் போய்விடும். நாங்கள் வங்கியில் மாதம் 9,000 ரூபாய் ஆர்.டி. போட்டோம். இரண்டு வருடத்தில் 2,30,000 ரூபாய் சொச்சம் வந்தது. அதற்குள் முடிகிற மாதிரிதான் பயணம் என்று முதலிலேயே முடிவு செய்துவிட்டோம். பிள்ளைகளுக்கும் அது தெரியும். மகள் தன் பிறந்தநாள் பணத்தைக் கொண்டுவந்து, “இதையும் போடும்மா” என்று கொடுத்தாள்.

முன்பணம்: இதில் நாங்கள் ஏமாந்திருக்கிறோம். அதற்கு முந்தைய வருடம் வாட்ஸ்அப்பில் வந்த ஒரு விளம்பரத்தை நம்பி, பெயர் சொல்ல விரும்பாத ஓர் ஆளுக்கு 20,000 ரூபாய் அனுப்பினோம். பிறகு போன் எடுக்கவே இல்லை. அலுவலகம் எங்கே என்று போய்ப் பார்க்காமல், ரசீது வாங்காமல் ஒரு ரூபாயும் அனுப்பாதீர்கள். விலை நம்ப முடியாத அளவுக்குக் குறைவாக இருந்தால் நம்பாதீர்கள், அவ்வளவுதான்.

பாஸ்போர்ட்: சிங்கப்பூருக்குள் நுழையும்போது குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும். பெரியவர்களின் பாஸ்போர்ட் பத்து வருடம் என்பதால், பிள்ளைகளுடையதும் அப்படித்தான் என்று நினைத்துக்கொள்வோம். 15 வயதுக்குக் கீழ் ஐந்து வருடம்தான். இன்று வீட்டுக்குப் போனதும் எடுத்துத் தேதியைப் பாருங்கள். அத்தைக்கும் மகனுக்கும் புதிதாக எடுத்தோம். 8 வயதுக்கு உட்பட்டவர்களுக்கும் 60 வயதைத் தாண்டியவர்களுக்கும் கட்டணத்தில் 10 சதவீதம் தள்ளுபடி உண்டு. அத்தைக்கு 1,350, மகனுக்கு 900 ரூபாய் ஆனது.

விசா: நாமே நேரடியாக வாங்க முடியாது. சிங்கப்பூர்த் துணைத் தூதரகம் அங்கீகரித்த ஏஜென்ட்டுகள் வழியாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும். அந்தப் பட்டியல் தூதரகத்தின் இணையதளத்திலேயே இருக்கிறது. விசாக் கட்டணம் 30 சிங்கப்பூர் டாலர். அதற்கு மேல் ஏஜென்ட்டின் சேவைக் கட்டணம் ஆளுக்கு ஆள் மாறும், நாலு இடத்தில் கேளுங்கள். விசா தவிர, ‘எஸ்ஜி அரைவல் கார்டு’ என்று ஒன்று உண்டு. போய் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். அது முற்றிலும் இலவசம். அதற்குப் பணம் கேட்கிற போலி இணையதளங்கள் இருக்கின்றன, ஜாக்கிரதை.

எப்போது போவது? பணத்தை மிச்சப்படுத்துவதில் பாதி இதில்தான் இருக்கிறது. சிங்கப்பூரில் ஜூன் மாதம் முழுக்கப் பள்ளி விடுமுறை. நவம்பர் பிற்பகுதியிலிருந்து டிசம்பர் முடியும் வரை அடுத்த நீண்ட விடுமுறை. அப்போது பூங்காவில் கூட்டம் தாங்காது. நம் காலாண்டு விடுமுறை ஒட்டிவரும் அக்டோபர் முதல் வாரத்தில் சீனாவில் தேசிய விடுமுறை, அங்கிருந்து கூட்டம் வரும். நமக்கு விடுமுறை, அவர்களுக்குப் பள்ளி உண்டு என்கிற நாட்கள் மே மாதத்தின் முதல் மூன்று வாரங்கள்தான். நாங்கள் மே இரண்டாவது வாரம், செவ்வாய் கிளம்பி சனி திரும்பினோம். பூங்காவுக்குப் போனது வியாழன். மே மாதம் இங்கே விமானக் கட்டணம் ஏறும் என்பதால் ஜனவரியிலேயே டிக்கெட் போட்டுவிட்டோம். சென்னை மட்டுமல்ல, திருச்சி, கோவையிலிருந்தும் நேரடி விமானங்கள் உண்டு. மூன்றையும் ஒப்பிட்டுப் பாருங்கள். சில பட்ஜெட் விமானங்களில் பெட்டிக்குத் தனிக் கட்டணம். அதையும் சேர்த்துத்தான் விலை பார்க்க வேண்டும்.

தங்குவது: செந்தோசாவுக்குள் தங்கினால் வாடகை எகிறும். நாங்கள் லிட்டில் இந்தியாவில் ஒரு சிறிய ஹோட்டலில் இரண்டு அறை எடுத்தோம். அறை சின்னதுதான், தூங்க மட்டும்தானே. அங்கிருந்து எம்ஆர்டி ரயிலில் ஊதாப் பாதையில் ஏறினால், மாறாமல் கடைசியில் ஹார்பர்ஃபிரண்ட் நிலையம். மேலே விவோசிட்டி என்ற கடை வளாகத்தின் மூன்றாம் தளத்திலிருந்து செந்தோசா எக்ஸ்பிரஸ். போகும்போது 4 டாலர், திரும்பி வர இலவசம். நடக்க முடிந்தவர்கள் பலகைப் பாலம் வழியாகச் செலவில்லாமல் நடந்தே போகலாம். அத்தைக்கு மூட்டு வலி என்பதால் நாங்கள் ரயிலில் போனோம்.

சாப்பாடு: சிராங்கூன் சாலையில் காலையில் இட்லி, தோசை, பொங்கல் எல்லாம் கிடைக்கும். கோமள விலாஸ் 1947 முதல் அங்கே இருக்கிறது. சைவம் சாப்பிடுகிறவர்கள் கவலைப்படவே வேண்டாம். தமிழ் அங்கே நான்கு ஆட்சிமொழிகளில் ஒன்று. நிலையங்களில் தமிழ்ப் பெயர்ப்பலகையைப் பார்த்து, அத்தை தானே ஊர்ப் பெயர்களைப் படித்துக்கொண்டு வந்தார். “இது நம்ம ஊரு மாதிரில்ல இருக்கு” என்று சொல்லி, முதல் நாளே அவர் பயம் போய்விட்டது. வீரமாகாளியம்மன் கோயிலுக்குத் தனியாகவே நடந்து போய்விட்டு வந்தார்.

பூங்கா டிக்கெட்: நாங்கள் போனபோது பெரியவர்களுக்கு 83 டாலர், 4 முதல் 12 வயது வரை 62 டாலர், 60 வயதைத் தாண்டியவர்களுக்கு 43 டாலர். 4 வயதுக்குக் கீழ் டிக்கெட் கிடையாது. விலை மாறிக்கொண்டே இருக்கும், போகும்போது பார்த்துக்கொள்ளுங்கள். மூத்தோருக்கு ஏறத்தாழப் பாதி விலைதான் என்பதைக் கவனியுங்கள். அத்தையை விட்டுவிட்டுப் போயிருந்தால் நாங்கள் அங்கே மிச்சப்படுத்தியிருக்கக்கூடியது மூவாயிரம் ரூபாய்கூட இல்லை. வரிசையில் நிற்காமல் போக ‘எக்ஸ்பிரஸ்’ சீட்டு என்று தனியாக விற்கிறார்கள். சில நாட்களில் அதன் விலை நுழைவு டிக்கெட்டையே எட்டிவிடும். வார நாளில், திறக்கும் நேரத்துக்கு அரை மணி முன்பே வாசலில் நின்றால் அது தேவையே இல்லை. பெரிய சவாரிகளை முதல் ஒன்றரை மணி நேரத்தில் முடித்துவிடுங்கள்.

இப்போது நான் செய்த தவறு. ஒவ்வொரு சவாரிக்கும் குறைந்தபட்ச உயரம் உண்டு. டிரான்ஸ்ஃபார்மர்ஸ் 102 செ.மீ., ஜுராசிக் பார்க் படகு 107, மம்மி 122, பேட்டில்ஸ்டார் கலாக்டிகா ரோலர் கோஸ்டர் 125. இதை நான் முன்பே பார்க்கவில்லை. என் மகன் 105. வீட்டில் இரண்டு மாதமாக டைனோசர் படகு, டைனோசர் படகு என்று குதித்துக்கொண்டிருந்தவன், இரண்டு செ.மீ. குறைவதால் முடியாது என்று வாசலில் சொன்னதும் தரையில் உட்கார்ந்து அழுதான். ஊழியர் மேல் தப்பில்லை, அது பாதுகாப்பு விதி. அவனைத் தேற்ற எங்களால் முடியவில்லை. அத்தைதான், “வாடா, நமக்கும் ஒண்ணு இருக்கும்” என்று கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார். செசமி ஸ்ட்ரீட் சவாரியில் அவனோடு மூன்று தடவை ஏறினார். “ராட்டினம் எதுக்கு” என்றவர்தான்! நாங்கள் மகளோடு ரோலர் கோஸ்டரில் நிம்மதியாகப் போனதும் அதனால்தான்.

ஆகவே கிளம்புவதற்கு முன் சுவரில் பென்சிலால் கோடு போட்டுப் பிள்ளைகளின் உயரத்தை அளந்து, எதில் ஏறலாம், எதில் முடியாது என்று வீட்டிலேயே சொல்லிவிடுங்கள். பிள்ளை இன்னும் வளர வேண்டும் என்றால் ஒரு வருடம் பொறுத்துப் போங்கள், அதுவும் நல்ல திட்டம்தான். 2025 பிப்ரவரியில் மினியன் லேண்ட் என்று புதிய பகுதி திறந்திருக்கிறார்கள். சின்னப் பிள்ளைகளுக்கு இப்போது இன்னும் கொஞ்சம் வாய்ப்பு கூடியிருக்கிறது.

சின்னச் சின்னக் குறிப்புகள்: தண்ணீர் பாட்டில் எடுத்துப் போங்கள், உள்ளே நிரப்பிக்கொள்ளலாம். மழைக் கோட்டை இங்கிருந்தே வாங்கிப் போங்கள். இடி மின்னல் வந்தால் திறந்தவெளிச் சவாரிகளை நிறுத்திவிடுவார்கள், அதற்கும் மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். முதியவர்களுக்குச் சக்கர நாற்காலி வாடகைக்குக் கிடைக்கும், கேட்கக் கூச்சப்படாதீர்கள். மாத்திரைகளை மருத்துவர் சீட்டோடு கொண்டுபோங்கள். சில தூக்க மாத்திரைகளுக்கும் வலி மருந்துகளுக்கும் அங்கே முன் அனுமதி வேண்டும். பயணக் காப்பீடு கட்டாயம் எடுங்கள். கடையில் கார்டு தேய்க்கும்போது ரூபாயா, டாலரா என்று கேட்டால் டாலர் என்று சொல்லுங்கள். ரூபாய் என்றால் மாற்று விகிதத்தில் நமக்குத்தான் நஷ்டம். ஏஜென்சியில் பேக்கேஜ் எடுக்கிறவர்களிடம் டிசிஎஸ் என்று ஒரு வரி பிடிப்பார்கள். அதை வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம், ரசீதைத் தொலைத்துவிடாதீர்கள்.

மற்ற நாட்களில் காசு கேட்காத இடங்களாகவே பார்த்தோம். மெர்லயன் சிலை, கார்டன்ஸ் பை தி பேயில் இரவு நேர மரங்களின் ஒளிக்காட்சி, மரினா பே நீர்க்காட்சி, திரும்பும் அன்று சாங்கி விமான நிலையத்தின் ஜுவல் நீர்வீழ்ச்சி. எல்லாமே இலவசம்.

எல்லோரும் கேட்ட கணக்கு இதோ, ஐந்து பேருக்கு, நான்கு இரவுகளுக்கு:

விமானம் 97,500
விசா 14,000
தங்குமிடம் 52,000
சாப்பாடு 25,000
பூங்கா 21,000
ரயில், பஸ் 8,000
காப்பீடும் மற்றவையும் 12,000
மொத்தம் 2,29,500 ரூபாய்.

நான்கு பேருக்கு ஏஜென்சி சொன்னதைவிட 42,500 குறைவு, அதுவும் ஐந்து பேராகப் போய்.

கடைசியாக ஒன்று. ‘அடுத்த வருஷம் அத்தையைக் கூட்டிப் போகலாம்’ என்று தள்ளிப்போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கிறேன். இந்த வருடம் அவருக்கு மூட்டு வலி கூடிவிட்டது. வாசலைத் தாண்டி நடப்பதே கஷ்டம். மூன்றாவது மாடியிலிருந்து இறங்க முடியாததால் இன்றைய கூட்டத்துக்கும் வரவில்லை. ஆனால் மகன் இப்போதும் டைனோசர் படகு பற்றிப் பேசுவதில்லை. “பாட்டியோட மூணு தடவை போனேன்” என்றுதான் சொல்கிறான்.

உங்கள் வீட்டிலும் “எனக்கு எதுக்கு” என்று சொல்கிற ஒருவர் இருப்பார். அவருடைய பாஸ்போர்ட் வேலையை முதலில் ஆரம்பியுங்கள். விசா ஏஜென்ட், ஆர்.டி., உயரப் பட்டியல் என்று எந்தச் சந்தேகம் இருந்தாலும் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டுங்கள், அந்த நோட்டு இன்னும் என்னிடம் பத்திரமாக இருக்கிறது.

செயலாளர் சார், பி பிளாக் லிஃப்டைச் சீக்கிரம் சரிசெய்து கொடுங்கள். அடுத்த கூட்டத்துக்கு அத்தையே வந்து மீதிக் கதையைச் சொல்வார்.