வேப்பங்கொத்து செருகிய வாசல்



மூலிகைச் சடங்கு என்றால் அமேசான் காட்டின் அயவாஸ்கா என்ற மூலிகைப் பானத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் படிக்கிறோம். சேலம், நாமக்கல் சமவெளியில் மார்கழிக் கடைசி நாளில் வீடுதோறும் நடக்கும் காப்புக்கட்டை அந்த வரிசையில் வைத்து எண்ணுவோர் குறைவு. வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ மூன்றையும் சேர்த்து வீட்டு நிலையிலும் மாட்டுக் கொட்டகையிலும் கிணற்றடியிலும் வயலிலும் கட்டுகிறோம். பூளை என்பது சிறுபீளை. சித்த மருத்துவம் அதைக் கல்லடைப்புக்குத் தருகிறது. ஆவாரை நீரிழிவுக்கான குடிநீரில் சேர்வது. பிள்ளைகளை வரப்புக்கு அனுப்பிப் பறித்து வரச் சொன்ன காலத்தில் செடியின் முகம் அவர்களுக்குத் தெரிந்தது. இப்போது கட்டு கட்டாகக் கடைவீதியில் வாங்குகிறோம். வரப்பில் களைக்கொல்லி அடித்த நிலத்தில் பூளையைத் தேடத்தான் வேண்டியிருக்கிறது.

காப்புக்கட்டின் அதே வேப்பிலை வேறொரு வேலை செய்யும், அம்மை கண்ட வீட்டைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். வாசலில் வேப்பங்கொத்து செருகிவிட்டால் வெளியார் உள்ளே நுழைய மாட்டார்கள். வீட்டாரும் விசேஷங்களுக்குப் போக மாட்டார்கள். அடுப்பில் தாளிப்பு இல்லை. இளநீரும் மோரும் கூழும்தான் ஆகாரம். அரிப்பெடுத்தால் நகம் படாமல் வேப்பிலையால் வருடிவிடுவார்கள். கொப்புளம் காய்ந்த பிறகுதான் மஞ்சளும் வேப்பிலையும் போட்டு வெயிலில் வைத்த தண்ணீரைத் தலைக்கு ஊற்றுவது. தனிமைப்படுத்தலும் பத்தியமும் பராமரிப்பும் மாரியாத்தாளின் பெயரால் ஒழுங்காக நடந்தன. ஆய்வுக்கூடம் இலையை மட்டும் எடுத்துச் சென்று சோதிக்கிறது. நோயாளியைச் சுற்றி ஒரு குடும்பம் கட்டிய இந்த ஒழுங்கு முழுவதையும் ஆராய வேண்டும் என்பதே என் வாதம்.

அதே உறுதியோடு இன்னொன்றையும் சொல்கிறேன். பெரியம்மையை ஒழித்தது தடுப்பூசி. இந்தியாவில் கடைசி நோயாளி 1975இல் கண்டறியப்பட்டார்; உலகமே விடுபட்டதாக 1980இல் அறிவிக்கப்பட்டது. இன்று சின்னம்மை கண்ட கர்ப்பிணியை, தண்ணீர் ஊற்றும் நாள் வரட்டும் என்று மருத்துவரிடம் காட்டாமல் வைத்திருப்பது ஆபத்து. கைக்குழந்தைக்கு வேப்பெண்ணெய் புகட்டியதால் வலிப்பு வந்து மூளை பாதித்ததை மருத்துவ இதழ்கள் பதிவு செய்துள்ளன. நம்பிக்கையைப் புண்படுத்திவிடுவோமோ என்று அஞ்சி இதைச் சொல்லாமல் விடுவது ஆய்வாளருக்கு அழகல்ல.

இந்த மூலிகை அறிவு யாருடையது என்ற கேள்வியும் உண்டு. வேப்பெண்ணெயால் செடிகளின் பூஞ்சையைக் கட்டுப்படுத்தும் முறைக்கு ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகம் 1994இல் உரிமை வழங்கியது. இம்முறை இந்தியாவில் முன்பே வழக்கில் இருந்தது என்று எதிர்ப்பாளர்கள் வாதாடி, 2000இல் அதை ரத்து செய்ய வைத்தார்கள். 2005இல் மேல்முறையீடும் தள்ளுபடியானது. பதிவு செய்வதன் பயன் இது. ஆனால் சொன்னவரின் சம்மதமும் பெயரும் இல்லாத பதிவு இன்னொரு பறிப்புதான். 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டத்தை மாணவர்கள் படித்துவிட்டுக் களத்துக்குச் செல்லுங்கள்.

இக்கருத்தரங்கில் கட்டுரை வாசிக்க இருப்போருக்கு ஒரு வேண்டுகோள்: செடியின் பெயரோடு நிறுத்தாதீர்கள். யார் பறித்தார், எந்த நாளில், யாருக்கு எவ்வளவு கொடுத்தார், மருந்து கேட்காவிட்டால் என்ன செய்தார் என்பதையும் எழுதுங்கள். அம்மை வார்த்தவரைப் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்ட பாட்டிகள் இன்னும் நம் ஊர்களில் இருக்கிறார்கள். இந்த ஆண்டே அவர்களிடம் போய்க் கேளுங்கள். இந்த வேண்டுகோளோடு கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.