பழைய கணினியும் பயாஸும்

விண்டோஸ் 10 இயங்குதளத்தின் வழக்கமான ஆதரவுக் காலம் 14.10.2025இல் முடிந்தது. பிள்ளைகள் பாடம் படிக்கும் பழைய மேசைக் கணினியை விண்டோஸ் 11க்கு மாற்ற நாம் விரும்புவோம். அதற்கு முன் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு.

கணினியின் தாய்ப்பலகையில் ஒரு சிறு சில்லு இருக்கிறது. சுவிட்சைத் தட்டியதும் முதலில் இயங்குவது அதிலுள்ள பயாஸ் என்னும் நிரல். விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி, சில பலகைகளில் பயாஸைப் புதுப்பித்த பிறகே கிடைக்கும். ஆனால் செயலி பழையதானால் அதனால் பயனில்லை. இன்டெல் ஐ5-8400 ஏற்கப்படும், ஐ5-7400 ஏற்கப்படாது. ஆகவே முதலில் செயலியின் பெயரைப் பார்ப்போம்.

அடுத்து, பிள்ளைகளின் பாடங்களையும் குடும்பப் படங்களையும் வேறொரு வட்டில் நகலெடுப்போம். தாய்ப்பலகையின் மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு, அந்த எண்ணுக்குரிய கோப்பைத் தயாரித்த நிறுவனத்தின் தளத்திலிருந்து மட்டும் எடுப்போம்.

புதுப்பிக்கும் சில நிமிடங்களுக்குள் மின்சாரம் நின்றால் பலகையே பழுதாகிவிடலாம். தோட்டப்புறத்தில் மாலையில் இடியும் மழையும் வருவதை நாம் அறிவோம். எனவே வானம் தெளிந்த காலை நேரமே ஏற்றது. அதுவரை யாரும் சுவிட்சைத் தொடாமல் பார்த்துக்கொள்வோம்.

முடிந்ததும் பயாஸ் அமைப்பில் டிபிஎம்மும் செக்யூர் பூட்டும் இயங்குகின்றனவா என்று பார்ப்போம். பிறகே விண்டோஸை மாற்றுவோம். நிதானமாகச் செய்தால், வீட்டிலுள்ள ஒரே கணினி பிள்ளைகளுக்கு இன்னும் சில காலம் உழைக்கும்.