வியேன் ஆற்றங்கரையில் ஒரு பழம்பதி

பிரான்சு நாட்டின் நடுவிலிருந்து மேற்கு நோக்கி லுவார் என்னும் பேராறு பாய்கிறது. அதன் இருமருங்கும் திராட்சைத் தோட்டங்களும் பழைய மன்னர்தம் மாளிகைகளும் நிறைந்தவை. தெற்கேயிருந்து வந்து அதனோடு கலக்கும் வியேன் ஆற்றின் வடகரையில் இருக்கிறது ஷினோன். மக்கள்தொகை பதினாயிரத்துக்கும் குறைவு. ஆயினும் பிரெஞ்சு நாட்டின் தலைவிதி ஒரு காலத்தில் இவ்வூரில் ஊசலாடியது. அதனைக் காணும் ஆவலால் தூர் நகரிலிருந்து சிறு இரயில் வண்டி ஏறினேன்.

ஊரை முதலில் அக்கரையிலிருந்து பார்க்கவேண்டும் என்று நண்பர் ஒருவர் சொல்லியிருந்தார். பாலத்தைக் கடந்து நின்று திரும்பிப் பார்த்தேன். கீழே அமைதியாக ஓடும் ஆறு. அதை ஒட்டிக் கருங்கூரை வீடுகள். அவற்றின் தலைக்குமேல், குன்றின் முகட்டில் நீண்டு கிடக்கும் கோட்டை. வீடுகளுக்கும் கோட்டைக்கும் கல் ஒன்றே. துபோ எனப்படும் வெண்மையான சுண்ணக்கல் அது. வெட்டும்போது வாளால் அறுக்கத்தக்க மென்மையுடையது. குன்றைக் குடைந்து கல்லை எடுத்தார்கள். மேலே கோட்டை எழுந்தது, கீழே குகைகள் விளைந்தன. அக்குகைகளின் கதையைப் பிறகு சொல்கிறேன்.

இங்கிலாந்தின் அரசனும் இப்பகுதியின் தலைவனுமாக விளங்கிய இரண்டாம் ஹென்றி இக்கோட்டையில்தான் 1189-ஆம் ஆண்டு சூலைத் திங்களில் உயிர்நீத்தான். பெற்ற மக்களே எதிர்த்துப் போரிட்ட துயரத்தோடு அவன் முடிவு நேர்ந்தது. 1205-இல் பிரெஞ்சு மன்னன் பிலிப் அகஸ்தஸ் நெடுநாள் முற்றுகையிட்டு இதனைக் கைப்பற்றினான்.

ஆனால் ஷினோனுக்கு வருவோர் தேடி வருவது மன்னர்களை அன்று. ஒரு குடியானவர் வீட்டுப் பெண்ணை.

1429-ஆம் ஆண்டின் தொடக்கம். பாரிசு நகரம் ஆங்கிலேயர் பக்கம். ஆர்லியன்சு நகரம் முற்றுகையில். 1420-இல் செய்யப்பட்ட ஓர் உடன்படிக்கை இளவரசன் சார்லசின் பட்ட உரிமையையே பறித்துவிட்டது. முடிசூடாத அவன் இங்கே கோட்டைக்குள் ஒதுங்கியிருந்தான். அப்பொழுது கிழக்கெல்லையிலிருந்து பகைவர் நடமாடும் நாட்டினூடே பதினொரு நாள் குதிரைமீது வந்து சேர்ந்தாள் ஜோன் ஆப் ஆர்க். அவளுக்கு வயது பதினேழு இருக்கலாம். எழுத்தறிவில்லாதவள். மாணவ நண்பர்களே, உங்களிற் பலர்க்கும் ஏறத்தாழ அதே வயதுதான்!

இளவரசன் மாறுவேடம் பூண்டு கூட்டத்தில் மறைந்து நின்றான், வேறொருவன் அரசன்போல் நடித்தான், ஜோன் ஏமாறவில்லை என்று கதை சொல்வார்கள். வழிகாட்டியும் அதையே சுவைபடச் சொன்னார். கதை அழகானதுதான், ஆனால் எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது 1431-இல் அவளை விசாரித்த நீதிமன்றத்தின் பதிவேடு. தன் உயிரைப் பறிக்க முனைந்திருந்தோர்முன் அவளே கூறிய விடை அதில் இருக்கிறது. முந்நூற்றுக்கும் மேற்பட்ட வீரர்களும் ஐம்பது தீவட்டிகளும் அங்கிருந்தன என்றும், தனக்குக் கேட்ட குரலின் துணையால் அரசனை அறிந்துகொண்டதாகவும் சொன்னாள். மாறுவேடத்தைப் பற்றி அவள் பேசவில்லை. மே மாதம் ஆர்லியன்சின் முற்றுகை நீங்கியதும், சூலையில் ரேம்சு நகரில் சார்லசு முடிசூடியதும், இரண்டே ஆண்டுகளில் ரூவானில் அவள் எரிக்கப்பட்டதும் நீங்கள் படித்திருப்பீர்கள்.

அந்தப் பெருமண்டபத்தில் இன்று எஞ்சியிருப்பது ஒரே ஒரு சுவர். மேல்தளத்துக் கணப்பு அடுப்பு அதில் அந்தரத்தில் தொங்குவதுபோல் தெரிகிறது. தரையில்லை, கூரையில்லை. 17-ஆம் நூற்றாண்டில் கோட்டை ரிஷலியூ குடும்பத்தார் கைக்கு வந்தபின் கேட்பாரற்றுப் போயிற்று. 19-ஆம் நூற்றாண்டில் இடிந்து விழும் நிலையில் அதனைக் காக்க முன்னின்றவர், ‘கார்மென்’ கதையை எழுதிய மெரிமே. அவர் பழஞ்சின்னங்களின் மேற்பார்வையாளராகவும் இருந்தவர். எழுத்தாளர்கள் உத்தியோகம் பார்ப்பதிலும் நன்மை உண்டு போலும்!

கூத்ரே என்ற வட்டக் கோபுரத்துக்குள் நுழைந்ததும் என் பேச்சு தானே அடங்கிற்று. டெம்ப்ளர் என்னும் துறவு வீரர் சங்கத்தின் தலைவர்கள் 1308-இல் சிறையிருந்த இடம் இது. சுவரில் கீறப்பட்டுள்ள சிலுவைகளும் உருவங்களும் அவர்கள் கைவேலை என்பர். அவ்வாண்டு ஆகஸ்டில் போப்பாண்டவர் அனுப்பிய கார்டினல்கள் இங்கு வந்து விசாரித்து, அத்தலைவர்களுக்குப் பாவமன்னிப்பு அளித்தார்கள். அதனால் அவர்கள் உயிர் பிழைக்கவில்லை. தலைவர் ழாக் தெ மோலே 1314-இல் பாரிசில் எரிக்கப்பட்டார். அம்மன்னிப்பைப் பதிந்த தோல் ஆவணத்தை வத்திக்கன் ஆவணக்களரியில் பார்பரா பிராலே என்ற இத்தாலிய அறிஞர் கண்டெடுத்தது 2001-இல்தான்! ஏழு நூற்றாண்டுகளுக்குச் சற்றே குறைவான காலம் அது பேசாமல் கிடந்தது.

மாலையில் குகைகளுக்குப் போனேன். கல் எடுத்த குழிகளே இன்று திராட்சை மதுவின் கிடங்குகள். வெளியே வெயிலாயினும் பனியாயினும் உள்ளே குளிர்ச்சி மாறுவதில்லை. மது மெல்ல முதிர்வதற்கு அது வேண்டும். இங்குப் பெரும்பாலும் பயிராவது கபெர்னே பிரான் என்ற கருந்திராட்சை. உள்ளூரார் அதனை ‘பிரெத்தோன்’ என்று வழங்குகிறார்கள். எனக்கு மதுவருந்தும் வழக்கமில்லை, மணத்தோடு நின்றுகொண்டேன்.

இக்கொடிக்கும் ஒரு மரணகண்டம் வந்தது. 1860-களில் அமெரிக்காவிலிருந்து வந்த பிலாக்சரா என்னும் கண்ணுக்கு அரிதாய்ப் புலப்படும் பூச்சி பிரெஞ்சுத் திராட்சையின் வேரை உறிஞ்சி, நாடெங்கும் தோட்டங்களைப் பட்டுப்போகச் செய்தது. மருந்துகள் பல பொய்த்தன. நோய் வந்த நாட்டிலிருந்தே மருந்தும் வந்தது. பூச்சியைத் தாங்கும் அமெரிக்கக் கொடியை வேராக வைத்து, அதன்மேல் பிரெஞ்சுக் கொடியை ஒட்டுக்கட்டினார்கள். ஆகவே இன்று இக்கரையில் காணும் கொடிகள் பெரும்பாலும் வேரால் அமெரிக்கர், கனியால் பிரெஞ்சுக்காரர்!

ஆற்றங்கரையில் நகைச்சுவைப் பேராசான் ரபெலேயின் சிலை இருக்கிறது. மருத்துவராகவும் விளங்கிய அவர் பிறந்த வீடு அருகிலுள்ள செய்யி ஊரைச் சார்ந்தது. மறுநாள் அங்குச் செல்லும் வழியை விசாரித்தபோது, கடைக்காரர் வடதிசையைக் காட்டி வேறொன்றைப் பார்த்தீரா என்று கேட்டார். சில கல் தொலைவில், லுவார் கரையில், பெரிய உலோக உருண்டை ஒன்று நிற்கிறது. 1963-இல் மின்சாரம் தரத் தொடங்கிய அணு உலை அது. 1973-இல் நிறுத்தப்பட்டுப் பின்னர்க் காட்சிச்சாலையாயிற்று. அதனருகே புதிய உலைகள் எழுந்தன. ஊரார் அந்தப் பழைய உலைக்கு இட்ட செல்லப்பெயர் ‘பந்து’. ரபெலே இருந்திருந்தால் அதற்கு ஒரு வயிறும் பசியும் கொடுத்து நூறு பக்கம் எழுதியிருப்பார்.